பார்த்தது ஒன்று, வந்தது ஒன்று

மறுபிறவி உண்டா இல்லையா என்று நம்மூரில் ஈராயிரம் வருடமாக வாதம் நடக்கிறது. அமெரிக்காவில் 1968-ல் மையர், ஐவன் சதர்லண்ட் என்ற இரண்டு பேர் ஒரே கட்டுரையில் விஷயத்தை முடித்துவிட்டார்கள். கணினித் திரையில் படம் வரைவதற்கு ஒரு துணைக்கருவி வடிவமைக்க உட்கார்ந்தார்கள். முதலில் அது சாதுவான கருவிதான். ‘இன்னும் ஒரே ஒரு கட்டளை சேர்த்தால் வசதியாக இருக்குமே’ என்று ஒன்று சேர்த்தார்கள். அப்புறம் இன்னொன்று. சேர்த்துச் சேர்த்துக் கடைசியில் பார்த்தால் துணைக்கருவியே முழுக் கணினியாகி உட்கார்ந்திருந்தது. இப்போது அந்தக் கணினிக்குப் படம் வரைய ஒத்தாசையாக ஒரு சின்னத் துணைக்கருவி இருந்தால் தேவலை என்று தோன்றியது. இதற்கு ‘மறுபிறவிச் சக்கரம்’ என்றே பெயர் வைத்தார்கள். கணினி அறிவியலில் கர்மவினையை வாய்விட்டு ஒப்புக்கொண்ட கட்டுரை வேறு எதையும் நான் பார்த்ததில்லை.

பிறகு வந்தவர்கள் அதைப் படித்தார்கள், பாராட்டினார்கள், அப்படியே திரும்பச் செய்தார்கள். மென்பொருளிலிருந்து திரைக்கும் காகிதத்துக்கும் படம் அனுப்பிய வரலாறு முழுக்க ஒரே ஒரு தகராறுதான்: மூளை யாரிடம் இருப்பது? கணினியிடமா, பிரிண்டரிடமா?

ஜெராக்ஸ் கம்பெனியிலிருந்து ஆரம்பிப்போம். நியூயார்க் மாநிலத்து வெப்ஸ்டரில் அவர்களுடைய ஆராய்ச்சிக்கூடம். அங்கே கேரி ஸ்டார்க்வெதர் என்றொரு ஒளியியல் பொறியாளர். நகல் இயந்திரத்தில் ஒரு மூலத்தாளை வைத்து, வெளிச்சம் பாய்ச்சி, உருளையில் அதன் பிம்பத்தை விழவைக்கிறார்கள். மூலத்தாளே இல்லாமல், கணினி சொல்லச் சொல்ல லேசரால் உருளையில் நேரடியாக எழுதினால் என்ன என்று அவர் கேட்டார். மேலதிகாரிக்கு இது பிடிக்கவில்லை. நகல் எடுக்கும் கம்பெனியில் மூலப்பிரதியே வேண்டாம் என்கிறவனை யாருக்குப் பிடிக்கும்? ஆராய்ச்சியை நிறுத்து என்றார். ஸ்டார்க்வெதர் ஒளிந்து ஒளிந்து செய்தார். கடைசியில் 1971-ல் கலிஃபோர்னியாவில் ஜெராக்ஸ் புதிதாகத் தொடங்கியிருந்த பாலோ ஆல்டோ ஆராய்ச்சி மையத்துக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அங்கே போய்ச் சேர்ந்த வருடமே ஒரு நகல் இயந்திரத்தின் வயிற்றைத் திறந்து, லேசரையும் சுழலும் பலமுகக் கண்ணாடியையும் உள்ளே வைத்து, உலகின் முதல் லேசர் பிரிண்டரை ஓடவிட்டார்.

உடனே ஜெராக்ஸ் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது என்று எழுத ஆசைதான். கம்பெனி 1977 வரை யோசித்தது. அதற்குள் ஐபிஎம் தன்னுடைய 3800 லேசர் பிரிண்டரை 1976-லேயே வாடிக்கையாளரிடம் ஓட்டிக் காட்டிவிட்டது. ஜெராக்ஸின் 9700 வந்தபோது நிமிடத்துக்கு 120 பக்கம் துப்பியது. பின்னாளில் அந்த வியாபாரம் பில்லியன் டாலரைத் தொட்டது. ஆராய்ச்சியை நிறுத்தச் சொன்ன அதிகாரியின் பெயரை வரலாறு பெருந்தன்மையோடு மறந்துவிட்டது.

அதே பாலோ ஆல்டோ மையத்தில் 1973-ல் ஆல்டோ என்ற கணினி பிறந்தது. அதன் திரை நெட்டுக்குத்தாக, ஒரு தாளின் வடிவத்தில் நின்றது: அகலத்தில் 606 புள்ளி, உயரத்தில் 808. ஒவ்வொரு புள்ளிக்கும் நினைவகத்தில் ஒரு பிட். கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 60 கிலோபைட் வரும். மொத்த நினைவகமே 128 கிலோபைட்தான். அதாவது, கணினி தன் ஞாபகத்தில் பாதியை முகத்தைக் காட்டுவதற்கே செலவழித்தது.  எழுத்து வந்தால் போதாதா, வெள்ளைத்தாள் மாதிரி திரை எதற்கு என்று கேட்கத் தோன்றும்.

திரை தாளாகிவிட்டதால் பட்லர் லாம்ப்சனும் சார்ல்ஸ் சிமோனியும் பிராவோ என்ற எழுத்துத் தொகுப்பியைச் செய்தார்கள். திரையில் எப்படித் தெரிகிறதோ அப்படியே பிரிண்டரில் வரும் என்பது அதன் வாக்குறுதி. ‘நீ பார்ப்பதுதான் உனக்குக் கிடைக்கும்’ என்ற அந்தப் புகழ்பெற்ற வாசகம் அறிவியல் மேதை யாரும் சொன்னதல்ல. ஃபிளிப் வில்சன் என்ற தொலைக்காட்சி நகைச்சுவை நடிகர், ஜெரால்டின் என்ற பெண் வேடம் போட்டு இடுப்பை வெட்டிச் சொன்ன வசனம். கணினித்துறையின் மிகப் பெரிய சத்தியவாக்கு ஒரு காமெடி நிகழ்ச்சியிலிருந்து வந்தது. அன்றிலிருந்து இன்றுவரை அந்த வாக்கு நிறைவேறிய விதத்தைப் பார்த்தால், பிறந்த இடம் பொருத்தமானதுதான்.

ஜெராக்ஸ் தன் லேசர் பிரிண்டர் ஒன்றை எம்ஐடியின் செயற்கை நுண்ணறிவுக் கூடத்துக்கும் இனாமாகக் கொடுத்தது. அது அடிக்கடி காகிதத்தை மென்று நின்றுபோகும். ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற நிரலாளர் அங்கே இருந்தார். பழைய பிரிண்டருக்கு அவர் ஒரு சின்ன நிரல் எழுதியிருந்தார்: காகிதம் சிக்கினால் காத்திருக்கும் அத்தனை பேருக்கும் செய்தி போகும், யாராவது ஓடிப்போய்ச் சரிசெய்வார்கள். புதியதற்கும் அதையே செய்யலாம் என்றால் மூல நிரல் கிடையாது. கார்னகி மெலனில் ஒருவரிடம் இருக்கிறது என்று தெரிந்து போய்க் கேட்டார். தரமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்றார் அவர். ஸ்டால்மனுக்கு வந்த கோபம் 1983-ல் குனூ திட்டமாகி, கட்டற்ற மென்பொருள் இயக்கமாக வளர்ந்தது. உலகில் புரட்சிகள் உப்புக்காகவும் தேயிலைக்காகவும் வந்திருக்கின்றன. பேப்பர் சிக்கியதற்காக வந்தது இது ஒன்றுதான்.

1979 டிசம்பரில் ஆப்பிள்காரர்கள் பாலோ ஆல்டோவுக்கு வேடிக்கை பார்க்கப் போனார்கள். கூட்டத்தில் பில் அட்கின்சன் இருந்தார். திரையில் ஒரு சாளரத்தின்மேல் இன்னொரு சாளரம் பாதி மறைத்து நிற்க, அடியில் இருப்பதில் தெரியும் பகுதி மட்டும் தன்பாட்டுக்கு மாறிக்கொண்டிருந்ததை அவர் பார்த்தார். பார்த்ததாக நினைத்தார். ஜெராக்ஸ்காரர்களுக்கு அது தெரியவே தெரியாது. அடியில் கிடக்கும் சாளரத்தில் அவர்களால் அப்படி வரைய முடியாது. அவர்களே செய்துவிட்டார்கள், நம்மால் முடியாதா என்ற ரோஷத்தில் அட்கின்சன் மண்டையை உடைத்துக்கொண்டு, எந்த வடிவத்திலும் இருக்கும் ஒரு பரப்பைச் சுருக்கிச் சேமித்து வேகமாகக் கணக்கிடும் வழியைக் கண்டுபிடித்தார். மெக்கிண்டாஷின் குவிக்டிரா என்ற வரைகலை நிரலுக்கு உயிர்நாடி அதுதான். இல்லாததைக் காப்பியடித்துக் கண்டுபிடித்த ஒரே மனிதர்!

இதே அட்கின்சன், ஒற்றைப்படை எண்களைக் கூட்டிக்கொண்டே போனால் வர்க்க எண்கள் வரும் என்ற பள்ளிக்கூடக் கணக்கை வைத்து, பெருக்கலே இல்லாமல் மின்னல் வேகத்தில் வட்டம் வரைந்து காட்டினார். எல்லோரும் வாய்பிளந்தார்கள். ஸ்டீவ் ஜாப்ஸ் மட்டும், ‘முனை மழுங்கிய செவ்வகம் வருமா?’ என்றார். அது எதற்கு என்று அட்கின்சன் கேட்டதற்கு, அவரைத் தெருவுக்கு இழுத்துக்கொண்டு போய் ஒவ்வொன்றாகக் காட்ட ஆரம்பித்தார். வண்டி நிறுத்தாதே என்ற பலகை வந்ததும் அட்கின்சன் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த நாள் மழுங்கிய செவ்வகம் தயார். இன்று உங்கள் கைப்பேசியில் தெரியும் அத்தனை பொத்தானுக்கும் முன்னோர் அந்தத் தெருப்பலகைதான்.

பாலோ ஆல்டோவிலும் ஆப்பிளிலும் இப்படி வசந்தம் வீசியபோது மற்ற இடங்களில் நிலைமை வேறு. ஐபிஎம் பிசி, பக்கத்தில் எப்சன் எம்எக்ஸ்-80. ஒன்பது ஊசிகளால் ரிப்பனைக் குத்திக் குத்தி, பக்கத்து அறைத் தூக்கத்தையும் சேர்த்துக் குத்தும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர். ஐபிஎம் இதையே தன் பெயரை ஒட்டி விற்றது. எழுத்து அனுப்பினால் எழுத்தை அடிக்கும், குறைந்தபட்ச மூளை. படம் வேண்டுமென்றால்தான் பாடு. எஸ்கேப் என்ற குறியீடு, அதன்பின் கே என்ற எழுத்து, அதன்பின் எத்தனை நெடுவரிசை என்று இரண்டு எண்கள், அதன்பின் புள்ளிகள். ஒரு பைட் என்றால் மேலிருந்து கீழாக எட்டுப் புள்ளி.

திரையிலோ ஒரு பைட் என்றால் இடமிருந்து வலமாக எட்டுப் புள்ளி. ஆகவே திரையில் இருப்பதைத் தாளுக்கு அனுப்ப ஒவ்வொரு எட்டுக்கெட்டு கட்டத்தையும் திருப்பிப் போட வேண்டும். அது மட்டுமா? அன்றைய ஐபிஎம் வண்ண அட்டையில் இரட்டைப்படை வரிகள் நினைவகத்தில் ஓரிடத்திலும் ஒற்றைப்படை வரிகள் வேறிடத்திலும் குடித்தனம் செய்தன. எல்லாம் சரிசெய்து அனுப்பினால் தாளில் பட்டை பட்டையாக வெள்ளைக் கோடு விழும். எட்டு ஊசியின் உயரம் அங்குலத்தில் 72-ல் எட்டுப் பங்கு. பிரிண்டர் வழக்கமாக ஒரு வரி நகர்வதோ 72-ல் பன்னிரண்டு பங்கு. இன்னொரு எஸ்கேப் அனுப்பி ‘எட்டே நகர்’ என்று அதட்ட வேண்டும்.

வட்டத்தின் கதி இன்னும் பரிதாபம். 640க்கு 200 என்ற திரையில் புள்ளி ஒவ்வொன்றும் அகலத்தைவிட 2.4 மடங்கு உயரம். அகலத்திலும் உயரத்திலும் சம எண்ணிக்கையில் புள்ளி வைத்தால் திரையில் முட்டை நிற்கும். எம்எக்ஸ்-80-ல் அங்குலத்துக்குக் குறுக்கே 60 புள்ளி, நெடுக்கே 72. அதே வட்டம் காகிதத்தில் படுத்த முட்டையாக வரும். நின்ற முட்டைக்கும் படுத்த முட்டைக்கும் நடுவில் எங்கோ ஒரு வட்டம் இருந்தது. அது நிரலாளரின் கற்பனையில் மட்டும்.

இத்தனையும் தாண்டிப் படத்தை ஒரு கோப்பில் போட்டு, பிசியின் இயங்குதளமான டாஸில் காப்பி கட்டளையால் பிரிண்டருக்கு அனுப்பினால் பாதியில் நின்றுவிடும். காரணம், 26 என்ற எண். கோப்பு முடிந்தது என்பதற்கு அந்தக் காலத்து அடையாளம் அது. உங்கள் படத்தில் எங்காவது மூன்று புள்ளிகள் தற்செயலாக 26 என்ற கோலத்தில் விழுந்திருந்தால், டாஸ் மங்களம் பாடிவிடும். ‘இது எழுத்தில்லை, எண்ணாகவே அனுப்பு’ என்று கட்டளையில் தனியாகச் சொல்ல வேண்டும். இந்த ரகசியம் தெரிந்தவர் அலுவலகத்தில் பெரிய மனிதர்.

ஒரு தாய்லாந்துக்காரரின் கதையை இங்கே சொல்லாவிட்டால் பாவம். வான் சுவன்னுகுல் தன் முனைவர் பட்ட ஆய்வேட்டைத் தாய்லாந்து மொழி எழுத்துகளில் தட்ட விரும்பினார். ஐபிஎம்மின் கருப்பு வெள்ளை அட்டைக்கு ஆங்கில எழுத்து மட்டும்தான் தெரியும், படம் வராது. அவரே 720க்கு 348 புள்ளிகளில் வரையும் அட்டை ஒன்றைச் செய்தார். 1982-ல் அதுவே ஹெர்குலிஸ் கம்பெனியானது. லோட்டஸ் கணக்குத்தாளில் வரைபடம் பார்க்க ஆசைப்பட்ட லட்சக்கணக்கான அமெரிக்க அலுவலகங்கள், ஒரு தாய்லாந்து மொழி ஆய்வேட்டின் புண்ணியத்தில் பார்த்தன. நம்மூருக்கும் இதே தலைவலிதான். ஐஐடி கான்பூரில் தொடங்கி புனே சீ-டாக்கில் வளர்ந்த ஜிஸ்ட் அட்டை, இந்திய எழுத்துகளை வரையும் மூளையைத் தனியாக ஒரு பலகையில் வைத்துக் கணினிக்குள் சொருகியது. மலேசியாவில் முத்து நெடுமாறன் முரசு என்று தமிழுக்கு மென்பொருள் எழுதினார். எழுத்து என்பதே படமாக இருந்த சமூகங்கள்தான் படம் வரைவதைப் பற்றி முதலில் கவலைப்பட்டன. அமெரிக்கருக்கு அது ஆடம்பரம். நமக்கு ‘ஔ’ வந்தாக வேண்டும்.

ஒவ்வொரு மென்பொருளும் ஒவ்வொரு பிரிண்டருக்கும் தானே டிரைவர் (அதை ஓட்டும் நிரல்) எழுத வேண்டும் என்பது டாஸ் தர்மம். நூறு மென்பொருள், நூறு பிரிண்டர், பத்தாயிரம் டிரைவர். இந்தத் துன்பத்தையே ஒரு கம்பெனி கோட்டையாக்கிக்கொண்டது. எழுத்துத் தொகுப்பி விற்ற, யூட்டா மாநிலத்தின் வேர்ட்பெர்ஃபெக்ட். நூற்றுக்கணக்கான பிரிண்டர்களுக்கு அவர்களிடம் டிரைவர் உண்டு. சந்தேகம் கேட்க இலவசத் தொலைபேசி உண்டு. கூப்பிட்டவர்கள் காத்திருக்கும் நேரத்தில் பாட்டுப் போட்டு, ‘உங்களுக்கு முன்னால் இத்தனை பேர்’ என்று நேரலையில் சொல்வதற்கு வானொலி அறிவிப்பாளரைச் சம்பளத்துக்கு வைத்திருந்தார்கள். பிரிண்டர் வேலை செய்யாததற்காகப் பண்பலை நடத்தியவர்கள்.

மூளை பிரிண்டருக்குக் குடிபெயர்ந்த கதைக்கு வருவோம். மறுபடியும் ஜெராக்ஸ். ஜான் வார்னாக்கும் சக் கெஷ்கியும் பக்கத்தை விவரிக்க இன்டர்பிரஸ் என்ற மொழியைச் செய்தார்கள். கம்பெனி மெச்சியது, எங்கள் தரம் இதுதான் என்றது, வெளியில் யாருக்கும் சொல்லாதீர்கள் என்றும் சொன்னது. சொல்லக்கூடாத தரத்தால் என்ன பயன் என்று இருவரும் 1982 டிசம்பரில் வெளியேறி, வார்னாக் வீட்டுக்குப் பின்னால் ஓடிய அடோபி ஓடையின் பெயரில் கம்பெனி தொடங்கினார்கள். ஜெராக்ஸ் வீட்டில் கறந்த பாலைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் காய்ச்சிக் குடிப்பது ஏற்கெனவே வழக்கமாகிவிட்டிருந்தது.

அவர்களுடைய போஸ்ட்ஸ்கிரிப்ட் வெறும் பட விவரணையல்ல, முழு நிரல்மொழி. மாறி உண்டு, லூப் உண்டு, நிபந்தனை உண்டு. செயப்படுபொருளெல்லாம் முதலில், வினை கடைசியில்: ‘100 200 நகர், 300 400 கோடிழு’. ஆங்கிலம் பேசுபவர்களுக்கு இது தலைகீழாகத் தெரிந்தது. தமிழில் நாம் அப்படித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம்.

1985-ல் ஆப்பிள் இந்த மொழியை உள்ளே வைத்து லேசர்ரைட்டரை வெளியிட்டது. விலை 6,995 டாலர். பிரிண்டருக்குள் 12 மெகாஹெர்ட்ஸில் ஓடும் 68000 செயலி, ஒன்றரை மெகாபைட் நினைவகம். அதை ஏவும் மெக்கிண்டாஷிலும் அதே செயலிதான், ஆனால் 8 மெகாஹெர்ட்ஸுக்கும் கொஞ்சம் குறைவு. நினைவகம் அதிகபட்சம் அரை மெகாபைட். எஜமானனைவிட வேலைக்காரன் புத்திசாலி! ஆப்பிள் அந்த வருடம் செய்ததிலேயே சக்திவாய்ந்த கணினி ஒரு பிரிண்டர்தான். ஒரு பக்கத்தை அங்குலத்துக்கு 300 புள்ளியில் தீட்ட ஒரு மெகாபைட் வேண்டும் என்பதால் வேறு வழியுமில்லை. லேசர்ரைட்டருக்குள் இருந்த அதே கேனன் இயந்திரத்தை வைத்து ஹெச்பி முந்தின வருடமே லேசர்ஜெட் விட்டிருந்தது, பாதி விலைக்கு. ஆனால் மூளை குறைவு. பக்கம் வடிவமைக்க ஆல்டஸ் கம்பெனியின் பேஜ்மேக்கர் மென்பொருள் வந்ததும் லேசர்ரைட்டர் பிழைத்துக்கொண்டது.

பிரிண்டரிடம் நிரல்மொழியைக் கொடுத்தால் என்ன ஆகுமோ அதெல்லாம் ஆனது. முடிவில்லாத லூப் ஒன்றை அனுப்பினால் பிரிண்டர் விளக்கைச் சிமிட்டிக்கொண்டு தியானத்தில் ஆழ்ந்துவிடும். பிழை வந்தால், ‘குற்றவாளிக் கட்டளை இது’ என்று தாளில் அச்சடித்து நீட்டும் ஏற்பாடும் உண்டு. கணினியே வேண்டாம், கணக்கெல்லாம் பிரிண்டரிலேயே போடலாம் என்று டான் லங்காஸ்டர் என்ற எழுத்தாளர் பத்திரிகைகளில் வருடக்கணக்காகப் பிரசாரம் செய்தார். அதில் தர்க்கம் இருந்தது என்பதுதான் கொடுமை.

மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 1985 நவம்பரில் வந்தது. அதற்குள் ஜிடிஐ என்றொரு பகுதி. அது ஒரு கல்யாணத் தரகர். நிரலாளர் ‘கோடு வேண்டும்’ என்று தரகரிடம் சொன்னால் போதும். திரைக்கு ஒரு மாதிரியும் பிரிண்டருக்கு ஒரு மாதிரியும் பேசி முடித்துவைப்பார். ஒரே நிரல் இரண்டுக்கும் வரையும். பத்தாயிரம் டிரைவர் நூறாகக் குறையும். உண்மையிலேயே நல்ல யோசனை, கிண்டல் இல்லை. ஆனால் தரகர்களுக்கே உரிய நிபந்தனைகள் இருந்தன. திரையில் வரைய அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும், வேலை முடிந்ததும் திருப்பித் தர வேண்டும். மொத்தச் சீட்டு ஐந்து. மொத்த விண்டோஸுக்கும் ஐந்து! ஒரு நிரல் ஐந்தையும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டால் ஊரே ஸ்தம்பிக்கும். வரைந்த தூரிகை, பேனா எல்லாம் 64 கிலோபைட் பெட்டி ஒன்றில் கிடந்தன. கணினியில் எட்டு மெகாபைட் சும்மா இருக்க, ‘நினைவகம் போதவில்லை’ என்று விண்டோஸ் 3 அழும். எவனோ ஒரு தூரிகையைக் கழுவாமல் விட்டிருப்பான்.

அச்சடிப்பது இன்னும் ரசமானது. முழுப் பக்கத்துக்கு நினைவகம் இல்லாததால் தரகர் பக்கத்தைப் பட்டைகளாக வெட்டினார். பக்கம் முழுவதையும் வரை என்பார். வரைவோம். முதல் பட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு, மறுபடி முழுவதையும் வரை என்பார். கடைசிப் பட்டை வரைக்கும் இதே பாட்டு. நடுவில் பயனர் ‘நிறுத்து’ பொத்தானை அமுக்கினால் அது வேலை செய்வதற்கும் நாம்தான் தனியாக ஏற்பாடு செய்ய வேண்டும்; இல்லாவிட்டால் பொத்தான் வெறும் அலங்காரம். அங்குலக் கணக்கில் வரைய வசதியாக ஓர் அளவுமுறையைத் தேர்ந்தெடுத்தால், அதில் உயரம் மேல்நோக்கி ஏறும். எழுதியதெல்லாம் தாளுக்கு மேலே ஆகாயத்தில் அச்சாகி, வெற்றுத்தாள் வெளியே வரும்.

திரையில் ஓர் அங்குலம் எவ்வளவு என்பதிலும் உடன்பாடில்லை. ஆப்பிள் 72 புள்ளி என்றது, அச்சுக்கலையின் பாயின்ட்டும் அதுவே என்பதால். மைக்ரோசாஃப்ட் 96 என்றது. திரையைச் சற்றுத் தள்ளி உட்கார்ந்து பார்க்கிறோம், எழுத்து மூன்றில் ஒரு பங்கு பெரிதாக இருக்கட்டும் என்ற சமாதானம். அங்குலத்தையே பேரம் பேசித் தீர்மானித்த தொழில் உலகத்தில் வேறு உண்டா என்று துணிக்கடைக்காரர்களைத்தான் கேட்க வேண்டும்.

1990-களின் நடுவில் சக்கரம் சுற்றி முடித்தது. கணினிக்கு வேகம் வந்துவிட்டது, தரகரும் கெட்டிக்காரர் ஆகிவிட்டார், பிரிண்டருக்கு எதற்கு மூளை என்று ஹெச்பி போன்றவர்கள் அதைப் பிடுங்கி எடுத்து, விலையைக் குறைத்து விற்றார்கள். ஜாப்ஸ் நெக்ஸ்ட் கம்பெனியில் இதை முன்பே செய்து பார்த்திருந்தார்; அங்குலத்துக்கு 400 புள்ளி அடிக்கும் அந்த பிரிண்டருக்குச் சொந்தப் புத்தி கிடையாது, கணினியே போஸ்ட்ஸ்கிரிப்ட் படித்துப் புள்ளி வைத்துக் கொடுத்தது. புதிய மூளையற்ற பிரிண்டர்கள் விண்டோஸைத் தவிர யார் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்காது. லினக்ஸ்காரர்கள் கம்பெனிகளிடம் குறிப்பேடு கேட்டார்கள். கிடைக்கவில்லை. ஸ்டால்மனுக்கு ஆச்சரியமே இருந்திருக்காது. பிறகு பிரிண்டருக்கு வைஃபை வந்தது, கைப்பேசியிலிருந்து அச்சடிக்க ஆசை வந்தது, மூளை திரும்ப உள்ளே போனது. 2023 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட், இனி பிரிண்டர் கம்பெனிகளின் தனி டிரைவர்களைப் படிப்படியாகக் கைவிடப்போகிறோம், பொதுவான ஒன்றே போதும் என்று அறிவித்தது. பிரிண்டரிடம் புத்தி இருந்தால்தான் இது நடக்கும்.

எழுத்துருச் சண்டை பாக்கி இருக்கிறது. அடோபியின் டைப் 1 எழுத்துருக்களில் ஒரு சூட்சுமம் ஒளிந்திருந்தது: சின்ன அளவில் எழுத்தின் கால்கள் சமமாக விழ உதவும் குறிப்புகள். அதைப் பூட்டிச் சாவியைத் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள்; நல்ல எழுத்து வேண்டுமானால் அடோபிக்கு உரிமம் கட்டு. ஆப்பிளுக்கு அலுத்துவிட்டது. கையில் இருந்த அடோபி பங்குகளைக் கொழுத்த லாபத்துக்கு விற்றது. தன் சொந்த ட்ரூடைப்பை மைக்ரோசாஃப்டுக்குக் கொடுத்தது. 1989 செப்டம்பரில் சான் ஃபிரான்சிஸ்கோவின் சீபோல்ட் மாநாட்டில் பில் கேட்ஸ் இதை மேடையில் அறிவித்தபோது, அதே மேடையில் இருந்த வார்னாக் கண்ணீர் முட்ட, இதைப்போல ஒரு குப்பையைக் கேட்டதே இல்லை என்கிற தொனியில் பொரிந்து தள்ளினார். எழுத்தின் வளைவுக்காக ஒரு கம்பெனித் தலைவர் மேடையில் கலங்கியது அபூர்வம். மறுவருடம் அடோபி பூட்டைத் திறந்து டைப் 1 சூட்சுமத்தைப் புத்தகமாகவே வெளியிட்டது. ட்ரூடைப் 1992-ல் விண்டோஸ் 3.1-ல் ஏறி ஏரியலையும் டைம்ஸ் நியூ ரோமனையும் உலகத்து மனுக்கள் அனைத்திலும் பதித்தது. நம் டிடிபி கடைகளும் ஆங்கில எழுத்து உட்கார வேண்டிய இடங்களில் தமிழ் எழுத்தை உட்காரவைத்து இதே வகை எழுத்துருக்களில்தான் கல்யாணப் பத்திரிகை அடித்தன. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் மாப்பிள்ளை பெயர் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியுமாகத் தெரியும்.

1996-ல் ஓப்பன்டைப் என்ற புதிய எழுத்துரு முறை வந்தது. ட்ரூடைப்பின் பெட்டிக்குள் அடோபியின் வளைவுகளையும் வைத்துக்கொள்ளலாம். சேர்ந்து அறிவித்தவர்கள் அடோபியும் மைக்ரோசாஃப்டும். எதற்காகச் சாவியைப் பூட்டி வைத்து யுத்தம் நடந்ததோ அந்த டைப் 1-க்கு 2023 ஜனவரியில் அடோபியே தன் மென்பொருள்களில் இடமில்லை என்று சொல்லிவிட்டது. காசு கொடுத்து வாங்கி வைத்திருந்த வடிவமைப்பாளர்கள் பழைய கோப்பைத் திறந்தால் ‘எழுத்துரு காணவில்லை’ என்று ஒரு பெட்டி வருகிறது. என்ன செய்யலாம் என்று கேட்டால் அடோபியிடம் யோசனையும் இருக்கிறது: ஓப்பன்டைப்புக்கு மாறிக்கொள்ளுங்கள்.